பண்டரிபுரத்திலிருந்து வந்த சம்மன்

ஓவியர் எம்.எஃப். ஹுசைன் 1915-ல் பிறந்தது மகாராஷ்டிரத்தின் பண்டரிபுரத்தில். தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகு, அதே ஊர் நீதிமன்றத்தில் அவர் மீது ஆபாச வழக்கு தொடுத்தார்கள். குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒன்று, மத்தியப் பிரதேசத்தின் இந்தூரிலும் போபாலிலும் என்று புகார்கள் பெருகின. பெண்ணுருவில் இந்திய வரைபடத்தைத் தீட்டிய ஒரே ஓவியத்துக்காக ஊருக்கு ஒரு புகார், அதன் பின்னால் சம்மன், அதன் பின்னால் வாரண்ட். அந்தப் படத்தை அவர் 2004-லேயே ஒரு தனியாருக்கு விற்றுவிட்டார். 2006-ல் காஷ்மீர் நிலநடுக்க நிவாரணத்துக்கான ஏலத்தில் அது 'பாரத மாதா' என்ற பெயரோடு வந்தது. அந்தத் தலைப்பைத் தான் வைக்கவில்லை, ஏலத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பது ஹுசைன் தரப்பின் வாதம்.

நான் அந்த வழக்கில் ஆஜரானவன் இல்லை. நாமக்கல்லில் தொழில் செய்கிற, கொல்லிமலை திருப்புலி நாட்டில் பிறந்த வக்கீல். ஆனாலும் என் மேசையில் அதிகம் புரட்டப்பட்டுக் கசங்கிய தீர்ப்பு எதுவென்று கேட்டால், 2008 மே 8-ம் தேதி டெல்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் அந்த வழக்கில் எழுதியதைத்தான் எடுத்துக் காட்டுவேன். அதை எடுத்துப் படிக்க வைத்தவர் எங்கள் திருப்புலி நாட்டைச் சேர்ந்த ஓர் ஓவியர்.

கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் படித்தவர். பள்ளிக்கூட ஓவிய ஆசிரியர். சென்னையில் ஒரு தனியார் காட்சிக்கூடத்தில் வேறு சில ஓவியர்களோடு சேர்ந்து படங்களை வைத்தார். எல்லாம் மலைப் படங்கள்: சாமை அறுப்பு, மிளகுக் கொடி ஏறிய மரங்கள், பலாப்பழச் சந்தை, அறப்பளீஸ்வரர் கோயில் வாசல். நடுவில் பெரியதாக ஒன்று, சங்கப் பாட்டுகளில் வரும் மலைப் பதுமையான கொல்லிப்பாவை. பாறையிலிருந்து பாதி வெளிவந்தவளாக அவளை வரைந்திருந்தார். இடுப்புக்குக் கீழே இன்னும் கல்தான். மேலே ஆடை கிடையாது. உடம்பின் நிறமும் கல்லின் நிறம்தான். காலடியில் படிப்படியாக வயல்கள், அவற்றில் குனிந்து வேலை செய்யும் விரல் அளவுப் பெண்கள். அந்தப் பெண்களில் ஒருத்தி மட்டும் நிமிர்ந்து பாவையைப் பார்க்கிறாள். அந்தப் படத்தின் உயிர் எனக்கு அந்தச் சிறிய பெண்ணிடம் இருப்பதாகவே பட்டது.

அழைப்பிதழை அச்சிட்டவர்கள் இடத்துக்கு ஏற்ப மேல் பாதியை மட்டும் வெட்டிப் போட்டுவிட்டார்கள். வயலும் இல்லை, பாறையும் இல்லை, நிமிர்ந்து பார்த்தவளும் இல்லை. அந்த அரைப்படம் கைபேசிக்குக் கைபேசி தாவி, தென்கோடியில் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் கண்காட்சிக்கு வந்தவர் அல்ல. தன் ஊர் குற்றவியல் நடுவர் முன் தனிநபர் புகார் கொடுத்தார். இந்திய தண்டனைச் சட்டம் 292-ம் பிரிவு, ஆபாசம். சம்மன் மலையிலுள்ள செம்மேட்டுக்கு வந்து, அங்கிருந்து ஓவியர் கைக்கு வந்தது.

அதை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். நான் படித்து முடிக்கும் வரை பேசாமல் இருந்துவிட்டு, "அண்ணே, இந்த ஊரு எங்கண்ணே இருக்கு?" என்றார்.

வழக்கின் சாரம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. 292-ல் முதல் முறை குற்றம் உறுதியானால் அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை, இரண்டாயிரம் ரூபாய் அபராதம். அது வெகு தூரத்தில் இருக்கிற ஆபத்து. கைமேல் இருப்பது வாய்தா. மலையிலிருந்து காரவள்ளிக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். அங்கிருந்து நாமக்கல், அங்கிருந்து மதுரை, அதற்கும் தெற்கே இரவுப் பயணம், லாட்ஜ் வாடகை, பள்ளியில் விடுப்பு. காலையில் நீதிமன்றத்தில் பெயர் கூப்பிட்டதும் 'ஆஜர்' என்று கை தூக்கினால் அடுத்த தேதி கிடைக்கும். குற்றவாளி என்று எவரும் சொல்வதற்கு முன்பே ஒரு மனிதரின் சம்பளமும் உறக்கமும் கரைந்துவிடும். கீழ்நாட்டில் நீதிமன்றத்துக்கு அருகிலேயே வாழ்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிவதில்லை. மலையில் பிறந்தவனுக்கு, வழக்கு என்ற சொல்லைக் கேட்டதும் மனம் முதலில் போடுவதே பஸ் கணக்கைத்தான்.

அன்று சாயங்காலமே காட்சிக்கூடத்திலிருந்து ஒரு போன். "அந்த ஒரு படத்தை மட்டும் இறக்கிவைத்துவிடலாமா?" என்று கேட்டார்கள். மிரட்டலாகச் சொல்லவில்லை, பயந்துபோய்க் கேட்டார்கள். என்ன செய்யலாம் என்று ஓவியர் என்னைப் பார்த்தார். சட்டத்தைச் சொல்வதற்கு முன் அக்பர் பதம்சீயின் கதையைச் சொன்னேன்.

1954. பாரிஸிலிருந்து திரும்பிய இளைஞர் பதம்சீ பம்பாய் ஜஹாங்கீர் கலைக்கூடத்தில் தனிக் கண்காட்சி வைக்கிறார். கலைக்கூடம் திறந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. 'காதலர்கள்' என்ற தலைப்பில் ஆணும் பெண்ணுமாக இரண்டு ஓவியங்கள். இறக்கு என்று போலீஸ் சொல்கிறது. அவர் மறுக்கிறார். வழக்கு போடுகிறார்கள். கலைக்கென்று அன்றைய 292-ம் பிரிவில் ஒரு விலக்கும் கிடையாது. கோயில் சிற்பத்துக்கும் தேருக்கும் மத நோக்கமுள்ளவற்றுக்கும் மட்டும்தான் விலக்கு இருந்தது. இலக்கியம், கலை, அறிவியல் இவற்றின் நலனுக்காக என்ற விலக்கு 1969 திருத்தத்தில்தான் வந்தது. அந்த விலக்கு பிறப்பதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே, வெறும் நெஞ்சுரத்தோடு நின்ற பதம்சீயை நீதிமன்றம் விடுவித்தது. அவர் கடைசிக் காலத்தில் நம் கோவைப் பக்கம் வந்து வாழ்ந்து, 2020 ஜனவரியில் அங்கேயே இறந்தார் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. ஓர் இளைஞர் தன் முதல் தனிக் கண்காட்சியிலேயே ஆணியிலிருந்து படத்தைக் கழற்ற மாட்டேன் என்று சொன்னதால், அவருக்குப் பின் வந்த எத்தனை பேருக்குச் சுவர் கிடைத்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

கதையைக் கேட்டுவிட்டு ஓவியர் சொன்னது: "அப்ப படம் இருக்கட்டும்ணே." அவரே காட்சிக்கூடத்துக்குப் பேசினார். அவர்களும் சம்மதித்தார்கள். அந்தச் சம்மதத்துக்கும் ஒரு தைரியம் வேண்டும், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இனிச் சட்டம். நடுவரின் எல்லைக்கு வெளியே வசிக்கிறவர் மீது புகார் வந்தால், சம்மன் அனுப்புவதற்கு முன் நடுவர் தானே விசாரிக்க வேண்டும், அல்லது போலீஸ் வழியாக விசாரிக்க வைக்க வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 202-ம் பிரிவில் 2006 முதல் அமலுக்கு வந்த திருத்தம் இதைக் கட்டாயமாக்கியது. தொலைவில் இருக்கிறவர்களை அலைக்கழிக்கவே போடப்படும் பொய்ப் புகார்களைத் தடுக்க வந்த திருத்தம் அது. எங்கள் வழக்கின் கோப்பில் அப்படி ஒரு விசாரணை நடந்ததற்கு ஒரு வரிகூட இல்லை. சம்மனை ரத்து செய்யக் கோரி, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் அதே சட்டத்தின் 482-ம் பிரிவின் கீழ் மனு போட்டேன்.

ஹுசைன் தீர்ப்பை வரிவரியாகப் படித்தது அப்போதுதான். நீதிபதி கவுல் பிக்காசோவின் சொல்லோடு தொடங்கி, உலகக் கலையிலும் நம் கோயில் சிற்ப மரபிலும் ஆடையற்ற உடல் எப்படி இடம்பெற்றது என்று விரிவாகப் போகிறார். அந்தப் பகுதியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு பகுதி. நாட்டின் எந்த மூலையிலிருந்தும் எவர் மீதும் புகார் போடலாம் என்ற நிலையில், சம்மன் அனுப்பும் நடுவர்கள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கலைஞர்கள் எப்படித் துரத்தப்படுவார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். தொண்ணூறு வயது ஓவியர் இருக்க வேண்டிய இடம் அவருடைய வீடு, செய்ய வேண்டிய வேலை ஓவியம் என்ற பொருளில் தீர்ப்பை முடிக்கிறார். வழக்குகளெல்லாம் ரத்தாயின. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது.

நாமக்கல் மாவட்டத்துக்காரனாக இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். 'மாதொருபாகன்' நாவலுக்காகப் பெருமாள்முருகன் எங்கள் மாவட்டத்தில் என்ன பாடுபட்டார் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தோம். 2016 ஜூலை 5-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் அவரை மறுபடி எழுதச் சொன்ன அமர்வின் தலைமை நீதிபதி, அதே சஞ்சய் கிஷன் கவுல்.

மதுரையில் என் வாதம் நீளமில்லை. 202 விசாரணை நடக்கவில்லை என்பது முதல் புள்ளி. இரண்டாவது, படத்தையே புகார்தாரர் பார்க்கவில்லை என்பது. அவீக் சர்க்கார் வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம், ஒரு படைப்பின் துண்டை மட்டும் எடுத்துவைத்து ஆபாசம் என்று தீர்மானிக்கும் 1868-ம் ஆண்டு இங்கிலாந்து அளவுகோலைக் கைவிட்டு, முழுமையாக, இன்றைய சமூகத்தின் கண்ணோடு பார்க்க வேண்டும் என்றது. புகாரோடு இணைத்திருந்த அரைப்படத்தையும், கண்காட்சியின் படத்தொகுப்பில் இருந்த முழுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுத்தேன். நீதிபதி முழுப் படத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "கீழே நிற்கிற இந்தப் பெண் யார்?" என்று கேட்டார். "எங்கள் ஊர்க்காரி, மை லார்ட்" என்றேன்.

கொல்லிப்பாவையையும் எடுத்துச் சொன்னேன். குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு மூன்றிலும் வருகிறவள் அவள். பூதம் ஒன்று செய்து வைத்த, பார்த்தவர் மனத்தைக் கட்டிப்போடும் பதுமை. தலைவியின் அழகைச் சொல்லும்போது கபிலரும் பரணரும் அவளைத் துணைக்கு அழைத்தார்கள். ஓரி ஆண்ட இந்த மலை தமிழில் முதலில் பேர் வாங்கியதே மனித உருவம் கொண்ட ஒரு கலைப்பொருளுக்காகத்தான். அந்த மலையில் பிறந்த ஓர் ஓவியன் அவளை வரைந்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றால் அதை என்னால் ஏற்க முடியாது. இதை நான் வாதத் திறமைக்காகச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னேன். இன்றும் அப்படித்தான் நம்புகிறேன்.

202 புள்ளியிலேயே மனு வென்றது. சம்மன் உத்தரவு ரத்து. சட்டப்படி விசாரித்துப் புதிதாக முடிவெடுக்கும்படி புகார் கீழே திரும்பிப் போனது. அங்கே விசாரணைக்குக் கூப்பிட்டபோது புகார்தாரர் வரவேயில்லை. புகார் தள்ளுபடியானது. பாவை ஆபாசமா இல்லையா என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை. அப்படி ஒரு தீர்ப்பு வேண்டும் என்று ஓவியர் ஆசைப்பட்டார். அந்த ஆசை நியாயமானது. ஆனால் அதற்காக அவரை இன்னும் பல வாய்தாக்களுக்கு இழுக்க எனக்கு மனம் இல்லை.

தீர்ப்பு வந்தால் மட்டும் சுவர் கிடைத்துவிடுகிறதா என்றால், ஹுசைனுக்குக் கிடைக்கவில்லை. மே மாதம் வழக்குகள் ரத்தாயின. ஆகஸ்டில் டெல்லியில் நடந்த முதல் இந்தியக் கலை உச்சிமாநாட்டில், தாக்குதல் பயத்தில் அவர் படங்களே வைக்கப்படவில்லை. அதைக் கண்டித்து சஹ்மத் அமைப்பு தனியாக அவர் படங்களின் நகல்களை வைத்தது. அங்கே புகுந்து உடைத்தார்கள். 2006-ல் நாட்டை விட்டுப் போனவர் திரும்பவில்லை. 2010-ல் கத்தார் குடியுரிமை பெற்றார், 2011 ஜூன் 9-ல் லண்டனில் இறந்தார். நீதிபதி சொன்ன அந்த வீட்டுக்கு அவர் வந்து சேரவே இல்லை. இறந்த பிறகும் முடியவில்லை: 2025 ஜனவரியில் டெல்லியின் ஒரு கலைக்கூடத்தில் வைக்கப்பட்டிருந்த அவருடைய இரண்டு ஓவியங்களைக் கைப்பற்றக் கீழமை நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குச் சில மாதம் முன்பு, 2024 அக்டோபரில், எஃப்.என். சூசா, பதம்சீ இருவரின் ஏழு படைப்புகளை ஆபாசம் என்று பறிமுதல் செய்த சுங்கத் துறையின் உத்தரவைப் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆடையற்ற உடலெல்லாம் ஆபாசம் ஆகிவிடாது என்பதை 1954-க்கு எழுபது ஆண்டுகள் கழித்தும் அதே ஊரில், அதே ஓவியருக்காக மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது சட்டங்களின் எண்கள் மாறிவிட்டன. 292 இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 294. 202 இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 225. புதிதாக வந்ததில் நான் வரவேற்பது 223-ம் பிரிவின் ஒரு வரியை. தனிநபர் புகாரைக் கோப்புக்கு எடுப்பதற்கு முன்பே, குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பை நடுவர் கேட்க வேண்டும். நல்லது. ஆனால் கேட்கப்படுவதற்கும் அந்த ஊருக்குத்தானே போக வேண்டும்? 530-ம் பிரிவு காணொளியில் விசாரிக்க இடம் தருகிறது. கலைஞர்கள் மீதான இத்தகைய புகார்களில், முதல் கட்ட விசாரணையாவது அவர்கள் ஊரிலிருந்தே காணொளியில் நடக்க வேண்டும் என்று கேட்கும் மனு வரைவு ஒன்று என்னிடம் தயாராக இருக்கிறது. அடுத்து எந்த ஓவியர் சம்மனோடு வந்தாலும் அதை முதலில் போடுவேன்.

எங்கள் ஓவியர் வரும் தை மாதம் சேலத்தில் படங்கள் வைக்கிறார். பாவையும் போகிறாள். இந்த முறை அழைப்பிதழில் அவளைப் பாறையோடும் வயலோடும் முழுதாக அச்சிட வேண்டும் என்று காட்சிக்கூடத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் ஒரு பிரிவே சேர்த்திருக்கிறேன்.