அறுபது அடி இருட்டு

அல்வாலில் ஒரு வீட்டின் இரண்டாம் மாடியில், சனிக்கிழமை மாலைகளில் ஐந்து பேர் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்ற நால்வரும் ஆளுக்கொரு பாத்திரமாகி அதற்குள் நடக்கிறார்கள். பேச்சும் பகடையும்தான் ஆட்டம். நால்வருள் ஒருத்தி முனைவர் பட்ட ஆய்வு மாணவி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வாடகை அறையில் தங்கியிருப்பவள். இரண்டு ஆண்டுகளாக அவள் ஏற்றிருந்த பாத்திரம் ஓர் எல்ஃப் பெண். கும்மிருட்டிலும் அந்தப் பெண்ணுக்கு 60 அடி தொலைவுவரை கண் தெரியும். ஆட்டம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது, ஆய்வு மாணவிக்கு மாடிப்படியின் மூன்றாவது படி தெரியாது.

இதை அவள் எவரிடமும் சொன்னதில்லை. கைப்பேசியில் ஏதோ செய்தி பார்ப்பவள்போல் அதன் விளக்கை ஏற்றிக்கொண்டு கடைசி ஆளாக இறங்குவாள். ஏரிக்கரைப் பக்கம் நடந்துவரலாம் என்று மற்றவர்கள் அழைத்தால், அத்தியாயம் ஒன்றை முடிக்க வேண்டியிருக்கிறது என்பாள். ஆய்வு மாணவர்கள் சொல்லும் பொய்களில் எவரும் சந்தேகிக்காத பொய் அது.

சிறுமியாக இருந்தபோது வீட்டார் அதை மாலைக்கண் என்றார்கள். அம்மா முருங்கைக்கீரையும் ஆட்டு ஈரலும் தவறாமல் கொடுத்தாள். அந்த வைத்தியம் மூடநம்பிக்கையன்று. இருட்டில் பார்ப்பதற்கு நம் கண்ணுக்கு உதவுபவை விழித்திரையின் குச்சி செல்கள். ஒரு கண்ணில் ஏறக்குறைய 12 கோடி இருக்கும். அவற்றில் உள்ள ரொடாப்சின் என்ற நிறமி வைட்டமின் ஏ இல்லாமல் உருவாகாது. அல்வாலிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், தார்நாகாவில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துக்கு இதில் பெரிய பங்குண்டு. 1918இல் நீலகிரியின் குன்னூரில் சிறியதொரு ஆய்வுப் பிரிவாகத் தொடங்கி, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்த நிறுவனம் அது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழந்தைகளுக்கு 2 லட்சம் அலகு வைட்டமின் ஏ கொடுக்கும் தேசியத் திட்டம் அங்கு நடந்த ஆய்வுகளின் அடிப்படையில்தான் 1970இல் தொடங்கியது. அந்தச் சொட்டு மருந்தினால் மீண்டும் அந்தி பார்த்த குழந்தைகள் ஏராளம்.

அவளுடைய குறை அந்த வகையைச் சேர்ந்ததன்று. கல்லூரிக் காலத்தில்தான் மருத்துவர் அதன் பெயரைச் சொன்னார்: ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. உலகில் ஏறத்தாழ நாலாயிரம் பேரில் ஒருவருக்கு இருப்பது. மரபணுப் பிழையால் குச்சி செல்கள் முதலில் மடிகின்றன. பிறகு பார்வையின் விளிம்புகள் மெல்லச் சுருங்குகின்றன. அம்மா தன் சொந்தத் தாய்மாமனை மணந்தவள். இருவரிடமும் மறைந்திருந்த ஒரே பிழை மகளிடம் வந்து சேர்ந்தது. கீரை ஆய்ந்த கைகளுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. ஆனாலும் அம்மா இன்றுவரை தொலைபேசியில் கேட்கிறாள், கீரை கிடைக்கிறதா என்று.

ஆட்டத்தில் இருட்பார்வைக்கு ஒரு வரலாறு உண்டு. 1974இல் வெளியான முதல் விதிநூல்களில், பாதாள அறைகளின் இருட்டில் அரக்கர்கள் எல்லோருக்கும் கண் தெரியும். ஆட்டக்காரர்களுக்கு மட்டும் தெரியாது. அரக்கன் ஒருவன் ஆட்டக்காரரின் பணியாளாகச் சேர்ந்தால், அவனும் அந்தப் பார்வையை இழப்பான். இருட்டு அங்கே எதிர்த்தரப்பின் உடைமை. சில ஆண்டுகளில் வந்த விரிவான பதிப்பு, அந்தப் பார்வையை வெப்பத்தைக் காணும் திறனாக விளக்கியது. உடனே தொல்லைகள் முளைத்தன. வெப்பம் மட்டும் தெரிந்தால் சுவரில் எழுதியதைப் படிப்பது எப்படி? குளிர்ந்த பிணம் தெரியுமா? இன்னொரு கேள்வியும் உண்டு: உடற்சூடுள்ள கண்ணே வெப்பக் கதிரை வீசுகிறதே, அதன் நடுவில் எதைப் பார்ப்பது? குழிவிரியன் பாம்புகூட வெப்பத்தைக் கண்ணால் அறிவதில்லை. கண்ணுக்கும் நாசிக்கும் இடையே உள்ள குழியால்தான் அறிகிறது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு இந்த விளக்கத்தைக் கைவிட்டு, இருட்டில் கறுப்பு வெள்ளையாகத் தெரியும் என்று சுருக்கிக்கொண்டது. தெரிந்தோ தெரியாமலோ அது உடலியலுக்கு நெருங்கி வந்துவிட்டது. குச்சி செல்களுக்கு நிறம் தெரியாது. நிலவொளியில் செம்பருத்தி கறுத்துத் தெரிவது அதனால்தான்.

பழைய கதை முடிந்து சென்ற ஆண்டு புதியதொன்று தொடங்கியபோது, அவள் மனிதப் பெண் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தாள். மனிதர்களுக்கு இருட்பார்வை கிடையாது. ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே அப்போது தெளிவாகத் தெரியாது. எல்ஃப் பெண்ணாக நடிப்பதில் களைத்துப்போயிருந்தாள் என்று பின்னர் சொன்னாள்.

மூன்றாவது வாரம் ஒரு சுரங்கத்தின் வாயிலுக்கு வந்தார்கள். மற்ற மூவரும் ட்வார்ஃப், எல்ஃப், பாதி ஆர்க். மூவருக்கும் இருட்டில் தெரியும். “எல்லோருக்கும் இருட்பார்வை இருக்கிறதல்லவா, உள்ளே போகலாம்” என்றான் ட்வார்ஃபாக ஆடியவன். தனக்கு இல்லை, தீப்பந்தம் ஏற்றுகிறேன் என்றாள் அவள். ஏற்றினால் உள்ளே இருப்பவர்கள் தொலைவிலிருந்தே பார்த்துவிடுவார்கள் என்று அவன் தடுத்தான். பிறகு வெகு இயல்பாக, எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், “நீ வெளியிலேயே இரு, நாங்கள் பார்த்துவிட்டு வருகிறோம்” என்றான்.

ஆட்டத்தில் அது நியாயமான யோசனை. ஆனால் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். ஏரிக்கரைக்குப் போகாத மாலைகள், திருமண வரவேற்புகளில் வாசலோடு திரும்பிய இரவுகள், எல்லாவற்றிலும் இந்த வாக்கியத்தை வேறெவரும் சொல்லும் முன்பே அவளே தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று குறுக்கிட்டது கதை நடத்துபவர். அவர் ஐந்தாம் பதிப்பின் விதிநூலைப் புரட்டிப் படித்துக் காட்டினார். 2014இல் வந்த அந்த விதியின்படி, இருட்பார்வை இருட்டைப் பகலாக்குவதில்லை. மங்கலாக மட்டுமே ஆக்குகிறது. மங்கலில் கண்ணால் எதையும் கண்டறிய முயல்பவர், இருபது முகப் பகடையை இருமுறை உருட்டிக் குறைந்த எண்ணையே ஏற்க வேண்டும். இரண்டு ஆண்டுகளாக இந்த விதியை எவரும் கவனிக்கவில்லை. தீப்பந்தம் சுற்றிலும் 20 அடிக்கு நல்ல வெளிச்சமும், அதற்கப்பால் 20 அடிக்கு மங்கலும் தரும். அந்த 20 அடிக்குள் அபராதம் இல்லை. ட்வார்ஃபுக்கும் இல்லை, எல்ஃபுக்கும் இல்லை. பழைய கதையில் அவர்கள் விழுந்திருக்க வேண்டிய பொறிகள் எத்தனையோ என்று ஒருவன் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. தீப்பந்தத்தைத் தன் ஒருத்திக்கான சலுகை என்றே அவளும் நினைத்திருந்தாள். பிறர் தனக்காகச் சுமக்க வேண்டிய செலவு, ஆகவே கேட்கக் கூடாதது என்று. உண்மையில் மற்ற மூவரும் தங்களுக்கு நன்றாகத் தெரிகிறது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவே. வெளிச்சத்தின் விலை எதிரியின் கண்ணில் படுவது. அதைக் கொடுப்பதா வேண்டாமா என்பதை நால்வரும் சேர்ந்து தீர்மானிக்கலாம். தெரியாதவளை வாசலில் நிறுத்தித் தீர்மானிப்பது வேறு. தீப்பந்தம் ஏற்றிக்கொண்டே உள்ளே போனார்கள். எதிரிகள் பார்த்துவிட்டார்கள், சண்டையும் வந்தது. ஆனால் நுழைந்ததும் தரையில் இருந்த கண்ணியை எவரும் மிதிக்கவில்லை.

அன்றிரவு படியிறங்கும் முன் அவள் சொன்னாள். நோயின் பெயரைச் சொல்லவில்லை. “எனக்கும் இருட்டில் தெரியாது. படியில் யாராவது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்” என்றாள். முதலில் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறாள் என்று நினைத்தார்கள். புரிந்தபோது, வெளியிலேயே இரு என்று சொன்னவன்தான் முதலில் கை நீட்டினான். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை அந்த மாடிப்படிகளின் விளிம்புகளில் வெள்ளைப் பட்டை ஒட்டியிருந்தது. மறுவாரம், எழுபதைக் கடந்த வீட்டுக்காரரின் தாயார், இவ்வளவு நாள் மேலே வராதவர், இவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பார்க்க ஏறி வந்து, கால்மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

அவளுடைய விழித்திரை மாறப்போவதில்லை. ஆட்டத்தின் தாளில் எண்கள் அப்படியே நிற்கும். 60 அடி ஆண்டுக்காண்டு 50, 40 என்று குறைவதற்கு அங்கே விதியில்லை. அவள் கண்ணுக்கு உண்டு. ஆனால் ஏரிக்கரைக்கு இப்போது போகிறாள், ஒரு கையில் விளக்கோடும் மறு கையில் யாரோ ஒருவர் கையோடும். விளக்கை ஏற்றும்போது கைப்பேசியில் செய்தி பார்ப்பதாக நடிப்பதில்லை.