நிறைந்தால் ஒன்று, வற்றினால் ஒன்று

மேட்டூர் அணைக்குப் போயிருக்கிறீர்களா? சேலம், நாமக்கல் பக்கத்துக்காரர் என்றால் பள்ளிக்கூடச் சுற்றுலாவிலாவது கட்டாயம் போயிருப்பீர்கள். பூங்காவில் சறுக்குமரம், முனியப்பன் கோயிலில் ஒரு கும்பிடு, கடைசியில் பொறித்த மீன். அணையைப் பார்த்தோமா என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். நானும் அப்படித்தான். ஒழுங்காக அணையைப் பார்த்ததே 2022 ஆகஸ்டில், என் மாமனாரோடு போனபோதுதான்.

அவருக்குத் திருத்துறைப்பூண்டி பக்கம். கடைமடை. அறுபது வருஷமாக விவசாயம். காலையில் பேப்பர் வந்தால் தலைப்புச் செய்தியைப் பார்க்க மாட்டார். 'மேட்டூர் அணை நிலவரம்' என்று மூலையில் நாலு வரி இருக்குமே, நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து இத்தனை, வெளியேற்றம் இத்தனை கனஅடி, அதைத்தான் முதலில் படிப்பார். அதற்கு முன்னால் ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்தவராம். என் கல்யாணப் பேச்சின்போதுகூட, "மாப்ளைக்கு மேட்டூர் பக்கமா?" என்று கேட்டுவிட்டுத்தான் சம்மதித்தார் என்று வீட்டில் இன்னமும் கிண்டல் உண்டு.

அப்பேர்ப்பட்டவர் அணையை நேரில் பார்த்ததே இல்லை! அந்த வருஷம் மே 24ஆம் தேதியே தண்ணீர் திறந்தார்கள். வழக்கம் ஜூன் 12. ஜூலையில் அணையும் 120 அடியைத் தொட்டுவிட்டது. "ஒரு தடவை காட்டிடுங்க மாப்ளே" என்று சேலத்துக்கு வந்து இறங்கிவிட்டார்.

ஓமலூர் தாண்டி மேச்சேரியில் எங்கள் வீட்டில் அப்பாவையும் ஏற்றிக்கொண்டோம். வழியெல்லாம் மேட்டுக்காடு. சோளம், கடலை, அங்கங்கே போர்செட். மாமனாருக்குத் தாங்கவில்லை.

"என்ன சம்பந்தி, இம்புட்டுப் பக்கத்துல அணையை வச்சுக்கிட்டு போர் போட்டிருக்கீங்க?"

"தண்ணி கீழதானுங்களே போகும், சம்பந்தி? மேல ஏறாதுங்களே. உங்களுக்குத் தண்ணி, எங்களுக்கு மீன் வறுவல்" என்றார் அப்பா.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அது முழுக்கச் சிரிப்பு இல்லை என்பது எனக்குத் தெரியும். கிழக்குக் கரை, மேற்குக் கரைக் கால்வாய்களில் பாசனம் பெறுவது சேலம், நாமக்கல், ஈரோடு மூன்று மாவட்டத்துக்கும் சேர்த்து 45 ஆயிரம் ஏக்கர்தான். வறண்ட ஏரிகளுக்கு உபரி நீரை ஏற்றும் திட்டமே 2020ல்தான் ஆரம்பமானது. அணை கட்டி முடித்தது 1934ல். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அணையின் மேலே நம்மை விட மாட்டார்கள். வலது கரையில் பவள விழா கோபுரம் இருக்கிறது. டிக்கெட் எடுத்து அதில் ஏறினோம். அங்கே ஒரே செல்ஃபி கூட்டம். ஒரு பையன் அணைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஐந்து நிமிஷம் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தான். மாமனார் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். கைகூப்பினார். பேசவே இல்லை. 93 டி.எம்.சி. என்று பேப்பரில் படிப்பது வேறு சார், அது கண்ணுக்கு எட்டுகிற வரை பரந்து கிடப்பதைப் பார்ப்பது வேறு. கடைசியில், "இங்க திறந்தா மூணு நாள்ல கல்லணை. அப்புறம் எங்க வாய்க்காலுக்கு வர்றதுக்குள்ள உசிரு போயிடும்" என்று மட்டும் சொன்னார்.

அப்பா வடக்கே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்தது. பண்ணவாடிப் பக்கம்.

அப்பாயி பிறந்தது நாயம்பாடி. அணைக்காகக் காலி செய்த ஊர்களில் ஒன்று. எட்டு, ஒன்பது வயதில் மாட்டு வண்டியில் சட்டிபானையோடு வெளியே வந்தவள். ஊரில் ஜலகண்டேஸ்வரர் கோயில் இருந்தது. பக்கத்தில் ஒரு தேவாலயமும் உண்டு. எல்லாம் இப்போது தண்ணீருக்குள். நீர்மட்டம் நன்றாக இறங்கினால் முதலில் தேவாலயக் கோபுரம் தலைகாட்டும், பிறகு பெரிய நந்தி. அப்போதெல்லாம் அப்பா டி.வி.எஸ்.50யை எடுத்துக்கொண்டு பண்ணவாடி போய்விடுவார். 2017ல் அணை கட்டிய பின் முதல்முறையாகத் தூர்வாரி, விவசாயிகளுக்கு வண்டல் கொடுத்தார்களே, இரண்டு லோடு கொண்டுவந்து காட்டில் கொட்டினார். "உங்க அப்பாயி ஊர் மண்ணுடா" என்றார். அந்த வருஷம் கடலை நன்றாக வந்ததா என்று கேட்காதீர்கள், மழையே இல்லை!

மாமனாரிடம் இதையெல்லாம் அப்பா ரெண்டே வாக்கியத்தில் சொன்னார். "அந்தப் பக்கந்தாங்க எங்கம்மா ஊரு. இப்பத் தெரியாதுங்க."

"எப்பத் தெரியும்?"

"நல்லா வத்தோணுங்க."

மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நாங்க வருஷா வருஷம் நிறையணும்னு வேண்டிக்கிட்டிருக்கோம்" என்றார். ஏதோ மன்னிப்பு கேட்கிற மாதிரி இருந்தது.

"நானும் அதைத்தானுங்க வேண்டறேன். வத்துனா போய்ப் பாத்துட்டு வருவேன், அவ்வளவுதான்" என்றார் அப்பா. பிறகு கீழே இறங்கி, மூன்று பேருக்கும் அவரே ஜிலேபி மீன் வாங்கிக் கொடுத்தார். மாமனாரைக் காசு எடுக்கவே விடவில்லை.

மறு வருஷம், 2023. ஜூன் 12ல் திறந்தார்கள், ஆனால் கர்நாடகத்திலிருந்து போதிய தண்ணீர் வரவில்லை. டெல்டாவில் குறுவை பல இடங்களில் காய்ந்தது. அக்டோபரில் மதகை மூடியே விட்டார்கள். அந்த வாரம் மாமனார் போன் செய்தார்.

"மாப்ளே, முப்பது அடிக்கு வந்துடுச்சாமே?"

"ஆமாம் மாமா."

"நந்தி வெளியில தெரியும்ல? சம்பந்தியைக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துடுங்க. வயசாச்சு, டி.வி.எஸ்.ல தனியா விடாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். நந்தியைச் சுற்றி வெடித்துக் கிடந்த சேற்றில் நடந்தபடியே மாமனார் சொன்னதைச் சொன்னேன். அப்பா நின்றுவிட்டார்.

"அவுரு பயிரு என்னாச்சுன்னு கேட்டியா?"

நான் கேட்டிருக்கவில்லை.