யூனியாவின் தலைக்கோடு

ஓலையில் அழுத்திப் புள்ளி வைத்தால் கிழிந்துவிடும் என்று சொல்லியே நம் ஏடெழுதிகள் மெய்யெழுத்துகளை மொட்டையாக விட்டுப்போனார்கள். காலுக்கும் ரகரத்துக்கும் வேற்றுமை கிடையாது. கொம்பு குறிலா நெடிலா என்பது படிப்பவர் பாடு. ஏடுகளைப் பதிப்பிக்க உ.வே.சா. பட்ட சிரமத்தில் இதற்கும் நல்ல பங்குண்டு. நெடிலுக்குக் கொம்பைச் சுழித்துக் காட்டியவர் இத்தாலியிலிருந்து வந்த பாதிரியார் வீரமாமுனிவர். அந்தப் பாதிரிமாரின் வேதத்துக்குள்ளேயே இப்படியொரு தொல்லை ஒளிந்திருந்தது எனக்கு இவ்வளவு காலம் தெரியாமல் போயிற்று.

பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் பதினாறாம் அதிகாரம் பெரும்பாலும் குசல விசாரிப்பு. கோயிலில் வாசித்தால் பாதிப்பேர் கொட்டாவி விடுவோம். ஏழாம் வசனத்தில் அன்றோனீக்கு, யூனியா என்று இருவர் வருகிறார்கள். பவுலோடு சிறையில் கிடந்தவர்கள், அவருக்கு முன்பே கிறிஸ்துவைப் பற்றிக்கொண்டவர்கள், அப்போஸ்தலர்களில் சிறந்தவர்கள். நம் ‘அவர்கள்’ யார் ஆண், யார் பெண் என்று காட்டிக்கொடுக்காது. கிரேக்கத்தில் அந்த வேலையைத் தலைக்கோடு செய்கிறது. ஓரெழுத்தின்மேல் சாய்கோடு இட்டால் யூனியா, பெண். அடுத்த எழுத்துக்குத் தள்ளி வளைகோடு இட்டால் யூனியாஸ், ஆண். பழைய பிரதிகளிலோ கோடே கிடையாது, நம் ஓலை மாதிரி.

நாலாம் நூற்றாண்டுச் சபைப் பிதா கிறிசொஸ்தோமுக்குக் குழப்பமே இல்லை. பெண்களைப் பற்றி அப்படியொன்றும் தாராளமாகப் பேசாத அவரே, ஒரு பெண் அப்போஸ்தலர் என்று பெயரெடுத்தாளே என வியந்திருக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டையொட்டி யூனியாவுக்கு மீசை முளைக்க ஆரம்பித்தது. லூத்தரும் ஆணாகவே மொழிபெயர்த்தார். 1927இல் நெஸ்லேயின் கிரேக்கப் புதிய ஏற்பாட்டுப் பதிப்பு (காப்பித்தூள் நெஸ்லே அல்ல) வளைகோட்டை அச்சிலேயே ஏற்றிவிட்டது.

1976இல் வத்திக்கான், இயேசு அப்போஸ்தலராகப் பெண்களைத் தேர்ந்தெடுக்கவில்லை, ஆகவே குருப்பட்டமும் அவர்களுக்கில்லை என்று அறிவித்தது. அதற்கு மறுமொழியாக வந்த ஒரு தொகுப்பில் பெர்னடெட் புரூட்டன் என்ற அமெரிக்கப் பெண் 1977இல் நாலே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். அப்போது முனைவர் பட்டம்கூட வாங்கியிருக்கவில்லை. கேள்வி எளிது: யூனியாஸ் என்ற பெயரில் அந்தக் காலத்தில் ஒரு ஆணாவது இருந்தானா? கல்வெட்டிலும் இல்லை, நூலிலும் இல்லை. யூனியா என்ற பெண்களோ ரோமாபுரிக் கல்வெட்டுகளில் மட்டும் 250க்கு மேல். இல்லாத ஆளுக்கு அத்தனை நூற்றாண்டு பிரசங்கம் நடந்திருக்கிறது!

புரூட்டன் பிறகும் அதே குணத்தோடுதான் வேலை செய்தார். 1982இல் வந்த புத்தகத்தில், பழைய யூத ஜெப ஆலயங்களில் பெண்களுக்குத் தலைவி, மூப்பர் என்று பட்டமிட்ட 19 கல்வெட்டுகளைக் கையிலெடுத்தார். அதெல்லாம் புருஷன் பதவியால் ஒட்டிக்கொண்ட மரியாதை என்று அறிஞர்கள் தள்ளிவிட்டிருந்தார்கள். சிமிர்னாவில் தலைவி ரூஃபினா, தன் வீட்டு அடிமைகளுக்கும் விடுதலை பெற்றவர்களுக்கும் கல்லறை கட்டிய கல்வெட்டில் புருஷன் பேச்சே இல்லை. 1996இல், பெண்ணைப் பெண் காதலித்ததை ஆதிக் கிறிஸ்தவம் எப்படிப் பார்த்தது என்று தேடி வசிய மந்திரம், சோதிடம், மருத்துவ ஏடு என எல்லாவற்றையும் புரட்டினார். யூனியாவின் கோடோ நெஸ்லேயின் கிரேக்கப் பதிப்பில் 1998இல்தான் பழைய இடத்துக்குத் திரும்பியது. கட்டுரை வந்து 21 வருஷம்.

இதைப் படித்ததிலிருந்து எனக்குப் பெரியம்மா நினைவுதான். அவள் பெயர் ஞானமணி. முப்பது வருஷம் ஓய்வுநாள் பள்ளி நடத்தியவள், சபை ஐயர் வராத ஞாயிறுகளில் ஜெபமும் நடத்துவாள். கோயில் நூற்றாண்டு மலரில் பெயர் வந்தது: ‘திரு. ஞானமணி’. எனக்கு ஆத்திரம். அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “போட்டும்ல. திருன்னு போட்டவன் ஆம்பளச் சம்பளமும் சேத்துத் தந்திருந்தா நல்லாருந்திருக்கும்” என்றாள். சம்பளமே இல்லாத வேலை அது.

அவள் கல்லறைக்குக் கல் செதுக்கக் கொடுத்தபோது பெயருக்குப் பின்னால் ‘அம்மாள்’ சேர்க்கச் சொன்னேன். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. நாலெழுத்துக்குக் கணக்குப் போட்டவர், புள்ளி இரண்டுக்கும் காசு வேண்டாம் என்றார்.