நாலு வரிச் செய்தி

"ஊராட்சியில் கிராம சபைக் கூட்டம் நடைபெற்றது. தலைவர் தலைமை வகித்தார். துணைத் தலைவர் முன்னிலை வகித்தார். குடிநீர், தெருவிளக்கு, சாலை வசதி உள்ளிட்ட பல்வேறு தீர்மானங்கள் நிறைவேற்றப்பட்டன. முடிவில் ஊராட்சி எழுத்தர் நன்றி கூறினார்."

இப்படி ஒரு செய்தியை எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்? 'பார்த்திருப்பீர்கள்' என்றுதான் கேட்கிறேன். 'படித்திருப்பீர்கள்' என்று கேட்க எனக்கே தைரியம் இல்லை. ராசி பலனுக்கும் நகைக்கடை விளம்பரத்துக்கும் நடுவே, மாவட்டச் செய்திகள் பக்கத்தின் அடியில் கிடக்கும். கண் அதைத் தாண்டிப் போய்விடும்.

நான் தாண்டிப் போக முடியாது. ஒரு காலத்தில் அந்த நாலு வரியை எழுதுவதுதான் என் பிழைப்பு.

பி.காம். முடித்துவிட்டு, ஆடிட்டர் ஆபீஸுக்குப் போகச் சொன்ன அப்பாவின் பேச்சைக் கேட்காமல், தென்மாவட்டம் ஒன்றில் நாளிதழ் நிருபராகச் சேர்ந்த புதிது. கிராம சபை நாள் வந்தால் எங்களுக்குத் தலைவலி. ஒரே நாளில் மாவட்டம் முழுக்க நூற்றுக்கணக்கான ஊர்களில் கூட்டம். நானோ ஒருத்தன். என்னிடம் இருந்தது ஒரு டி.வி.எஸ். 50. என்ன செய்வோம்? நாங்கள் போகமாட்டோம். செய்தி எங்களைத் தேடி வரும். ஊராட்சி எழுத்தர்கள் போன் பண்ணுவார்கள். "தம்பி, நம்ம ஊர்ல கூட்டம் நல்லபடியா முடிஞ்சிருச்சு. வழக்கம்போல போட்டுருங்க." அந்த 'வழக்கம்போல' இருக்கிறதே, அதுதான் மேலே நீங்கள் பார்த்த நாலு வரி. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஃபேக்ஸில் அனுப்பினால் வேலை முடிந்தது.

கிராம சபை என்பது என்ன? சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று அமலுக்கு வந்தது. அடுத்த வருஷம் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எல்லோரும் கிராம சபையின் உறுப்பினர்கள். யாரும் யாரையும் நியமிக்க வேண்டியதில்லை. சட்டசபைக்குப் போக நீங்கள் ஜெயிக்க வேண்டும். கிராம சபைக்குப் போக வீட்டுத் திண்ணையிலிருந்து இறங்கினால் போதும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள். 2022-இல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆறாக்கினார்கள்.

அங்கே வீட்டு வரி எவ்வளவு வசூலானது, அரசு மானியம் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று வாசிக்க வேண்டும். செக்கில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்துப் போட்டிருப்பார். அது அவர்கள் இருவருக்குள் நடக்கும் சரிபார்ப்பு. ஊரே உட்கார்ந்து சரிபார்ப்பது கிராம சபையில்தான்.

சரி, கதைக்கு வருகிறேன்.

2003. மழை பொய்த்த வருஷங்கள் அவை. போர்வெல் எல்லாம் காற்றைத்தான் தள்ளின. அந்த வருஷம் மே 1 அன்று ஓர் ஊரிலிருந்து வழக்கமான போன் வந்தது. ஊர்ப் பெயர் வேண்டாமே. "குடிநீர் பிரச்னைக்குத் தீர்வு காணத் தீர்மானம்னு சேர்த்துப் போடுங்க தம்பி" என்றார் எழுத்தர். போட்டேன். ஒன்றிரண்டு நாளில் அச்சில் வந்தது. நான் மறந்தே போனேன்.

இரண்டு, மூன்று வாரம் கழித்து ஒரு திங்கள்கிழமை. கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் நாள். நிருபர்கள் நாங்கள் சுவரோரமாக நின்று, ஏதாவது 'மேட்டர்' தேறுமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கிழவி வந்தார். எழுபது வயசு இருக்கும். இடுப்பில் பச்சை கலர் பிளாஸ்டிக் குடம். குடத்தோடு ஏன் வந்தார் என்று கேட்கத் தேவையில்லை. உள்ளே தண்ணீர் இல்லை என்பதுதான் மனு.

அவர் ஊர்ப் பெயரைச் சொன்னதும் எனக்கு ஏதோ உறைத்தது.

"மே ஒண்ணாந் தேதி எங்க ஊர்ல கூட்டமே நடக்கலைங்கய்யா. நோட்டை எடுத்துக்கிட்டு வீடு வீடா வந்து கைநாட்டு வாங்கிட்டுப் போனாக. ஏதோ கணக்கெடுப்புன்னு சொன்னாக. ரெண்டு மைல் நடந்து தண்ணி தூக்குறோம். கேட்கிறதுக்கு ஒரு கூட்டமாச்சும் வைக்கக் கூடாதா?"

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி, பக்கத்தில் நின்ற இன்னொரு அலுவலரைப் பார்த்தார். அவர் தயாராகத்தான் வந்திருந்தார். ஃபைலைத் திறந்தார். தீர்மான நோட்டின் நகல். கையெழுத்துகள், கைநாட்டுகள். அதற்கு அடுத்து, வெள்ளைத் தாளில் ஒட்டிய ஒரு பேப்பர் கட்டிங்.

"கூட்டம் நடக்கலைன்னு சொல்றீங்க. பேப்பர்லயே வந்திருக்கேம்மா."

என் நாலு வரி.

கிழவிக்குப் படிக்கத் தெரியாது. கட்டிங்கைக் கையில் வாங்கினார். சுற்றிப் பார்த்தார். சட்டைப் பையில் பேனா வைத்திருந்தவர்களில் ஆகக் கிட்டத்தில் நின்றவன் நான்.

"தம்பி, இதுல என்ன எழுதியிருக்கு? கொஞ்சம் வாசி."

வாசித்தேன். நான் எழுதியதை நானே. தலைமை வகித்தார், முன்னிலை வகித்தார், நிறைவேற்றப்பட்டன, நன்றி கூறினார். நாலு வரியை வாசிக்க அவ்வளவு நேரமாகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் கோபப்படவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்கிற ஆசையில் கேட்டார். "இதை எழுதுனவரு எங்க ஊருக்கு வந்தாராப்பா?"

"தெரியலை ஆத்தா" என்றேன்.

தணிக்கைப் பாடத்தில் ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுப்பது 'வவுச்சிங்'. நோட்டில் ஒரு பதிவு இருந்தால் அதற்கு ஆதாரச் சீட்டு எங்கே என்று கேட்க வேண்டும். பொய்ப் பதிவுக்குப் பக்கத்தில் ஒரு சீட்டைக் குத்திவிட்டால் அது மெய்யாகிவிடும், ஜாக்கிரதை என்பார் எங்கள் பேராசிரியர். பரீட்சையில் நன்றாகவே எழுதினேன். அந்தச் சீட்டாக நானே போய் ஃபைலில் உட்காருவேன் என்று அப்போது நினைக்கவில்லை.

அந்த ஆகஸ்ட் 15 அன்று டி.வி.எஸ். 50-ஐ எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். அதிகாரிகள் காதுக்குப் புகார் போயிருந்ததாலோ என்னவோ, இந்த முறை கூட்டம் நடந்தது. பள்ளிக்கூடத்து வேப்பமரம், ஜமுக்காளம், கொடியேற்றத்தில் மிச்சமான மிட்டாய். தலைவர் ஒரு பெண்மணி. நாற்காலியில் உட்கார்ந்து பேசியதெல்லாம் அவர் வீட்டுக்காரர். 'தலைவர் தலைமை வகித்தார்' என்று நான் எத்தனை ஊருக்கு எழுதியிருப்பேன்! அதில் எத்தனை ஊரில் தலைவர் பின்னால் நின்றிருப்பாரோ.

எழுத்தர் கடகடவென்று வரவு செலவு வாசித்தார். மின் மோட்டார் பழுது நீக்கம், மின் மோட்டார் பழுது நீக்கம், மறுபடி மின் மோட்டார் பழுது நீக்கம். கிழவி எழுந்தார்.

"மோட்டாரை எத்தனை தடவை காயில் கட்டுனீக?"

"மூணு தடவை ஆத்தா."

"போரு எங்க வீட்டு முக்குலதான் இருக்கு. மோட்டாரைத் தூக்கணும்னா சங்கிலி கட்டி, பத்துப் பேரு சேர்ந்துதான் தூக்கணும். நான் பார்க்கத் தூக்குனது ஒரு தடவை. உன் கணக்குல மட்டும் எப்படிப்பா மூணு தடவை மேல வந்துச்சு?"

பி.காம். படித்த என்னால் கேட்க முடியாத கேள்வி. வவுச்சர் பார்த்துக் கேட்டதல்ல. வாசலில் உட்கார்ந்து பார்த்ததை வைத்துக் கேட்டது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் சத்தமே இல்லை. தலைவரின் கணவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். 'விசாரிச்சுச் சொல்றோம்' என்றார் எழுத்தர்.

கடைசியில் தீர்மான நோட்டு சுற்றி வந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். கிழவி மட்டும் கட்டை விரலை மடக்கி வைத்துக்கொண்டார். "நான் கேட்டதை எழுதுனியா? எழுதுனதை வாசி. அப்புறம் வைக்கிறேன்."

எழுதியிருக்கவில்லை. அங்கேயே, எல்லார் முன்னாலும் எழுதினார். வாசித்தார். அதன் பிறகுதான் விரல் மையில் இறங்கியது.

அன்று ராத்திரி நாற்பது வரி எழுதி அனுப்பினேன். மறுநாளைக்கு மறுநாள் பேப்பரைப் பிரித்தால், நாலு வரி! விளம்பரம் நிறைய வந்துவிட்டதாம். தலைமை, முன்னிலை, நன்றி எல்லாம் அப்படியே இருந்தன. நல்லவேளை, 'மோட்டார் பழுதுச் செலவு குறித்துப் பொதுமக்கள் கேள்வி எழுப்பினர்' என்ற ஒரு வரி தப்பியிருந்தது. அந்த இரண்டாவது, மூன்றாவது பழுதுக்கு விளக்கம் கடைசிவரை வரவில்லை. ஆனால் எட்டு மாசம் கழித்து அந்தத் தெருவுக்குப் பைப் லைன் வந்தது. கிழவியின் பேரன் அந்தக் கட்டிங்கை வெட்டி, ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருந்தான். நான் பார்த்தேன்.

கணக்குக் கேட்பது நமக்குப் புதிதல்ல. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பேசும்போது குடவோலையைப் பெருமையாகச் சொல்வோம். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய அதே கல்வெட்டில், வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர்களின் பெயரைக் குடத்தில் போடக்கூடாது, அவர்களின் உறவினர் பெயரையும் போடக்கூடாது என்றும் இருக்கிறது. அதைச் சொல்ல மறந்துவிடுவோம்.

அதே சமயம், எல்லா ஊரிலும் எழுந்து கேட்டுவிட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். மேலவளவில் 1997-இல், தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவியில் ஜெயித்த முருகேசனை வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தலில் அப்படி ஒதுக்கப்பட்ட நாற்காலியில் ஒருவரை உட்காரவைக்க 2006 வரை, பத்து வருஷம் ஆனது. அதற்குப் பிறகும், 2016 அக்டோபரிலிருந்து 2019 டிசம்பர் வரை மாநிலம் முழுக்க உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் பார்த்தார்கள். 2019-இல் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்தது. மறுபடி தனி அலுவலர்கள். தலைவர் இல்லாவிட்டாலும் வாக்காளர்கள் இருக்கிறார்கள். கணக்கும் இருக்கிறது. அதனால் கேட்க வேண்டிய தேவையும் தீர்ந்துவிடவில்லை.

"நான் சென்னையில் இருக்கிறேன், எனக்கென்ன?" என்கிறீர்களா? மாநகராட்சி, நகராட்சிகளுக்கும் வார்டு குழு, பகுதி சபை என்று 2022-இல் விதிகள் வந்தன. அந்த வருஷம் நவம்பர் 1 அன்று பல ஊர்களில் பகுதி சபை கூடியது. உங்கள் பகுதியில் கூடியதா? கூடியது என்று எங்காவது நாலு வரி படித்திருந்தால், தயவுசெய்து அதை மட்டும் நம்பாதீர்கள்.

சொந்த ஊருக்குப் போகும்போது கிராம சபை நாள் அமைந்தால், அப்பா அம்மாவையோ சித்தப்பாவையோ கூட்டிக்கொண்டு போங்கள். ஓட்டு அங்கே அவர்களுக்குத்தானே இருக்கிறது. தலையை எண்ணச் சொல்லுங்கள். 500 பேர் வரை உள்ள ஊராட்சி என்றால் 50 பேராவது வேண்டும். 501 முதல் 3,000 வரை 100 பேர். 10,000 வரை 200 பேர். அதற்கு மேல் 300 பேர். பெரிய பெரிய கேள்வியெல்லாம் வேண்டாம். வாசலில் உட்கார்ந்து பார்த்த ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

அந்த ஊருக்கு அப்புறமும் இரண்டு மூன்று தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் மோர் கொடுப்பார். "நம்ம ஊருக்கு நேர்ல வந்து எழுதுன தம்பி" என்று பக்கத்து வீட்டுக்காரர்களிடம் அறிமுகப்படுத்துவார். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். மோரைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன். 2009-இல் அவர் இறந்த செய்தி எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் கிடைத்தது.

பத்திரிகையில் தப்பு வந்தால் திருத்தம் போடுவது வழக்கம். நான் போடவே இல்லை. இத்தனை வருஷம் கழித்து இங்கே போடுகிறேன்.

2003 மே 1 அன்று அந்த ஊரில் கிராம சபைக் கூட்டம் நடக்கவில்லை. யாரும் தலைமை வகிக்கவில்லை. யாரும் நன்றி கூறவில்லை. அதை எழுதியவன் உங்கள் ஊருக்கு வரவில்லை, ஆத்தா. உங்கள் பக்கத்தில்தான் நின்றிருந்தான்.