மலை மிளகும் ஆட்டுக் குடலும்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு சேர்ந்து, அங்கிருந்து காப்பித் தோட்டங்களினூடே சென்றோமானால் நாகலூர் வருகிறது. சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டு வந்தவர் 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை. காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களிலே இன்று மிளகுக் கொடி சுற்றி ஏறியிருக்கிறது. மிளகைக் கண்டதும் நமக்கு நினைவு வந்தது ஆட்டுக் குடல் குழம்பு. சைவ நேயர்கள் மன்னிப்பார்களாக!

குடல் என்று சொன்னாலும் அதில் பெரும்பாகம் இரைப்பைதான். அசைபோடும் பிராணிகளின் இரைப்பைக்கு நான்கு அறைகள். முதல் அறையின் உட்புறம் துவாலை போலிருக்கும், இரண்டாவது தேன்கூடு போல, மூன்றாவது ஏடுகளை அடுக்கியது போல, நான்காவது வழவழப்பானது. சுண்ணாம்பு தடவி, வெந்நீரில் அலசி, சுரண்டி, மஞ்சளிட்டுத் தேய்த்து, வாடை போகும் வரையில் கழுவ வேண்டும். அந்த வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுகிறது. பிறகே மிளகும் சீரகமும் தேங்காயும் அரைத்து விட்டு, நிதானமாய் வேகவைப்பார்கள்.

இதை ஏழைகளின் உணவென்று முகம் சுளிக்கும் நாகரிகக்காரர்கள் நம்மிடையே உண்டு. துரைமாரின் மேஜைக்கு ஏற்காதது என்பது அவர்கள் எண்ணம் போலும்! துரைமாரின் சொந்த நாட்டிலேயே லங்காஷயர் ஆலைத் தொழிலாளர்கள் மாட்டு இரைப்பையை வினிகர் விட்டும், வெங்காயத்துடன் பாலில் வேகவைத்தும் உண்டு வந்தார்கள். விகன் நகரத்தின் வறுமையை 1937-ஆம் ஆண்டு வெளியான நூலில் எழுதிய ஜார்ஜ் ஆர்வெல், அங்கே தங்கியிருந்தது இரைப்பை விற்கும் கடையின் மாடியில்தான்.

பிரான்ஸில் நார்மண்டியைச் சேர்ந்த கான் நகரத்தார், ஆப்பிள் மதுவும் மாட்டுக் காலும் சேர்த்து மணிக்கணக்காய் வேகவைத்து, அந்தப் பதார்த்தத்துக்குத் தங்கள் ஊரின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். பிளாரன்ஸ் நகர வீதிகளில் நான்காம் அறையை வேகவைத்து ரொட்டிக்குள் வைத்து விற்கிறார்கள். துருக்கியர் பூண்டும் வினிகரும் கலந்து சூப்பாக்குகிறார்கள். மெக்சிகோவில் அதனுடன் மிளகாயும் மக்காச்சோளமும் சேருகின்றன.

எங்கும் கதை ஒன்றே. தொடைக் கறி பணம் படைத்தவன் வீட்டுக்குப் போயிற்று. வயிறு உழைப்பவன் வீட்டுக்கு வந்தது. அவன் வீட்டுப் பெண்கள் பொறுமையினாலும் கைத்திறத்தினாலும் அதை விருந்தாக்கினார்கள். கான் நகரத்தார் அந்தத் திறமையை ஊரின் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். நம்மில் பலரோ விருந்தாளி வந்தால் சட்டியை மூடி வைக்கிறோம். அந்நியன் ஆட்சி 1947-இல் போய்விட்டது. அவன் முன் கூசிய கூச்சம் மட்டும் நம் சமையலறையில் ஏன் தங்க வேண்டும்? சேர்வராயன் மலையில் மிளகு வாங்கித் திரும்பும் நேயர்கள், வீட்டில் குடல் குழம்பு கொதிக்கையில் ஜன்னலைச் சாத்தாதிருப்பார்களாக.