மாவுப் பாத்திரத்தோடு ஆறு நிலங்கள்

என் பெண் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அன்று கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி பரீட்சைக்கு உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். “இந்தியாவின் இயற்கைப் பிரிவுகள் ஆறு. இமயமலை, வடக்குச் சமவெளி, தீபகற்பப் பீடபூமி, பாலைவனம், கடற்கரைச் சமவெளி, தீவுகள்.” மறுபடியும் முதலிலிருந்து. மறுபடியும்.

அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏண்டி, இதிலே அஞ்சு இடத்திலே நான் இட்லிக்கு மாவு கரைச்சு வெச்சிருக்கேனே!” என்றேன்.

“அப்ப ஆறாவது?” என்றாள் குறும்பாக.

ஆறாவதற்கான உத்தரவு அன்று ராத்திரியே வந்து சேர்ந்தது. என் கணவருக்கு மத்திய அரசு உத்தியோகம். மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றல் நிச்சயம். சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். ஸ்ரீ விஜயபுரம்! எந்த ஊரோ என்று விழிக்காதீர்கள். 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என்று சொன்னோமே, அந்தமானின் தலைநகரம், அதேதான்.

எனக்கு ஊர் புதிதென்ற பயம் எல்லாம் போய்ப் பல வருஷமாகிறது. என் பயம் வேறு. இதை என் அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

நான் பிறந்தது நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கடலிலிருந்து இரண்டு மைல் உள்ளே. திரும்பிய பக்கமெல்லாம் வயலும் வாய்க்காலும் தென்னையும்தான். ஒரு குன்றுகூடக் கிடையாது. கல்யாணமாகி 2003இல் ஜோத்பூருக்குக் குடித்தனம் போகும்போதுதான் ரயில் ஜன்னல் வழியாக மலை என்ற ஒன்றை அருகில் பார்த்தேன். வாயைப் பிளந்துகொண்டு பார்த்ததை அவர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

பாலைவனம் என்றால் மணல்மேடும் ஒட்டகமும்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஜோத்பூரில் நான் பார்த்தது கல். சுவர் கல், படி கல், கூரைக்கும் செம்மணல் கல்லில் நீள நீளமாகப் பலகைபோல் அறுத்துப் போட்டிருந்தார்கள். ஊருக்கு மேலே மெஹ்ரான்கர் கோட்டை, கீழே பழைய ஊரில் நீல வர்ணம் பூசிய வீடுகள். வருஷம் முழுவதும் பெய்கிற மழை 40 சென்டிமீட்டர்கூட இல்லை. காவிரிக் கரையில் வளர்ந்த நான் முதல் மாதம் பாத்திரம் கழுவிய அழகைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பாட்டி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். எல்லோரும் அவரை ‘மாசா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா என்பதற்கு அந்த ஊர் மரியாதைச் சொல். அரிசி களைந்த நீரில் காய் கழுவ, அந்த நீரைச் செடிக்கு ஊற்ற, சாம்பல் போட்டுத் தேய்த்துத் துணியால் துடைத்துவிட்டுக் கடைசியில் ஒரு கை நீரில் அலச, எல்லாம் அவரிடம் கற்றதுதான். அவர் வீட்டு முற்றத்தில் தரைக்கடியில் மழைநீர்த் தொட்டி ஒன்று உண்டு. ‘டாங்கா’ என்பார்கள். குழாய்த் தண்ணீர் வந்த பிறகும் அதை மூடவில்லை.

ஒருநாள் அவர் சமைத்த காயை ருசித்துவிட்டு எந்த மரத்தில் காய்க்கிறது என்று கேட்டேன். கூட்டிப்போய்க் காட்டினார். நம் வன்னி மரம்! விருத்தாசலம் கோவிலில் ஸ்தல விருட்சமாகச் சுற்றி வந்து கும்பிடுகிறோமே, அதே மரம். அங்கே ‘கேஜ்ரி’ என்று பெயர். அதன் காயை உலர்த்தி வைத்துக்கொண்டு வருஷம் முழுவதும் சமைக்கிறார்கள். 1730இல் ஜோத்பூருக்கு அருகே கேஜர்லி கிராமத்தில், ராஜாவின் ஆட்கள் அந்த மரங்களை வெட்ட வந்தபோது, அம்ரிதா தேவி என்ற பெண்மணி மரத்தைக் கட்டிக்கொண்டு உயிரை விட்டாராம். அவரையும் சேர்த்து அன்று இறந்த பிஷ்னோய் மக்கள் 363 பேர். இதைச் சொல்லும்போது மாசா ஏதோ சொந்த அத்தையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

என் பையன் 2004 ஆகஸ்டில் அம்மா வீட்டில் பிறந்தான். டிசம்பர் முதல் வாரம் அவர் அழைத்துப்போக வந்தார். “பச்சைப் பிள்ளையைப் பாலைவனத்துக்கா தூக்கிட்டுப் போறே? பொங்கல் கழிச்சுப் போயேன்” என்று அம்மா மன்றாடினாள். எனக்கும் ஆசைதான். அவருக்கு லீவு இல்லை. கிளம்பிவிட்டேன்.

டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மாசா வீட்டு டி.வி.யில் நாகப்பட்டினம் என்ற பெயரைக் கேட்டு, கையில் குழந்தையோடு அப்படியே உட்கார்ந்தேன். பெரியம்மா வீடு கடற்கரையை ஒட்டிய தெருவில். ஞாயிறென்றால் அம்மா குளித்துவிட்டு அங்கே போவது வழக்கம். நான் ஊரில் இருந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானும் போவேன். டெலிபோன் கிடைக்கவே இல்லை. மூன்றாம் நாள் தஞ்சாவூரிலிருந்து தம்பி பேசினான். அம்மா அன்று பால்காரருக்காகக் காத்திருந்ததில் கிளம்ப நேரமாகிவிட்டதாம். பெரியம்மாவை அடக்கம் செய்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து அம்மா கடற்கரைப் பக்கம் போனதே இல்லை.

ஆனால் பாலைவனமும் எங்களைச் சும்மா விடவில்லை. 2005 மே மாதம். வெயில் 44 டிகிரி. இரவு கரைத்து வைத்த மாவு விடிவதற்குள் பொங்கி வழிந்து, வாயில் வைக்க முடியாமல் புளிக்கும். பிள்ளைக்கு ஒன்பது மாதம். இரண்டு நாளாக வாந்தி, பேதி. பல் முளைக்கிறது என்று நானாகவே முடிவு செய்தேன். வயிற்றுக்குள் ஏதாவது போனால்தானே போகும் என்று தாய்ப்பாலையும் தண்ணீரையும் குறைத்துவிட்டேன். எவ்வளவு பெரிய தப்பு! அவர் வெளியூரில் இருந்தார். மத்தியானம் மாசா வந்து பார்த்தார். உச்சிக்குழி உள்ளே போயிருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளினால் மடிப்பு மெதுவாகத்தான் விரிந்தது. “காலையிலிருந்து துணி நனைந்ததா?” என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன், நனையவே இல்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

பேரனை ஓட்டி உப்புச் சர்க்கரைப் பொட்டலம் வாங்கிவரச் சொல்லி, கரைத்து, ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டியபடியே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். ஒரு நாள் டிரிப் ஏறியது. டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. “பேதி ஆகும்போதுதான் பாலும் தண்ணீரும் அதிகம் வேண்டும்மா” என்றார்.

இளம் தாய்மார்களுக்காக இதை இங்கேயே எழுதிவிடுகிறேன். ஓ.ஆர்.எஸ். பெரிய பொட்டலம் என்றால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் முழுவதையும் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், அரை டம்ளர் என்று கண்ணளவு உதவாது. 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது. பொட்டலம் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இரண்டையும் தலைதட்டி அளந்து போடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை துவண்டாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ வீட்டு வைத்தியம் போதாது, உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

பிற்பாடு அவர் சொன்னார்: ஜோத்பூர்க் குழாயில் வந்தது கால்வாய்த் தண்ணீர். பஞ்சாபில் பியாஸும் சட்லெஜும் கூடுகிற ஹரிக்கேயிலிருந்து இந்திரா காந்தி கால்வாய் வழியாக வருவது. அந்த நதிகளுக்கு மூலம் இமயமலைப் பனி. அப்படியானால் என் பிள்ளைக்கு மாசா கரைத்துக் கொடுத்த தண்ணீர் இமயத்திலிருந்து வந்ததுதானே!

அடுத்தது கான்பூர். அங்கே போய் ஒரு வருஷம் கழித்துத்தான் ஒன்றைக் கவனித்தேன். பக்கத்து வீட்டுச் சிறுமிகளுக்குக் கல்லாங்காய் சொல்லிக் கொடுக்கலாம் என்றால் ஐந்து கூழாங்கல் கிடைக்கவில்லை! தோண்டத் தோண்ட மண்தான். இமயத்திலிருந்து நதிகள் காலம் காலமாக அரைத்துக்கொண்டு வந்து கொட்டிய வண்டல். கடலிலிருந்து எவ்வளவோ தூரம் தள்ளியிருக்கிற காசியே கடல் மட்டத்துக்குச் சுமார் 80 மீட்டர் உயரம்தான். நம் கோயம்புத்தூர் 400 மீட்டருக்கும் மேல். அவ்வளவு தட்டை. ஜனவரி மூடுபனியில் எதிர் வீடு தெரியாது, ரயில்கள் அரை நாள் தாமதமாகும். மாவுப் பாத்திரத்தை ரஜாய்க்குள் குழந்தை மாதிரி சுற்றி வைப்பேன். அப்படியும் சில நாள் பொங்காது. குழந்தைகளுக்குக் கடுகெண்ணெய் தேய்த்து மொட்டை மாடி வெயிலில் போடும் பழக்கம் எனக்குப் பிடித்திருந்தது. கதவை எல்லாம் சாத்திக்கொண்டு அறைக்குள் கரியடுப்பு மூட்டிக் குளிர்காயும் பழக்கம் மட்டும் பிடிக்கவில்லை. அதன் விஷவாயு தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். குளிர்ப் பிரதேசத்துக்குப் போகிறவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நாக்பூரில்தான் பெண் பிறந்தாள். பீடபூமி வாழ்க்கையில் குறை சொல்ல ஒன்றுமில்லை; ஆரஞ்சு கொழித்த ஊர், மாவும் ஒழுங்காகப் பொங்கிற்று. வெயில் காலத்தில் கரிசல் மண் விரல் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். சுமார் ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன் பூமியிலிருந்து வழிந்த எரிமலைக் குழம்பு இறுகிப் பாறையாகி, அது சிதைந்து வந்த மண் என்கிறார்கள். கையில் எடுத்துப் பிசைந்தால் எள்ளுருண்டை பிடிக்கலாம் போல் இருக்கும்.

லே நகருக்கு அவர் மாற்றலானபோது பிள்ளைகளின் படிப்புக்காக நாங்கள் திருச்சியில் தங்கிவிட்டோம். 2018 கோடை விடுமுறையில் ஒரு மாதம் போய் இருந்தோம். “ரெண்டு நாள் எழுந்திருக்காமப் படுத்திரு” என்று அவர் படித்துப் படித்துச் சொன்னார். நம்மால் முடிகிறதா? முதல் நாளே துணி உலர்த்த மாடி ஏறினேன். தலைவலியும் குமட்டலும் இரண்டு நாள் புரட்டி எடுத்துவிட்டன. 3,500 மீட்டர் உயரம். தண்ணீர் 88 டிகிரிக்கே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது. குக்கர் இல்லாமல் குடித்தனம் இல்லை. மாவு இரண்டு நாளாகியும் கரைத்த மேனிக்கே இருந்தது, கடைசியில் அதை ரொட்டி மாதிரி தட்டிப் போட்டேன். பனிமலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாலும் அங்கே மழை வருஷத்துக்குச் சுமார் 10 சென்டிமீட்டர்தான். ஜோத்பூரே தேவலை! மழை மேகத்தை மலை அந்தப் பக்கமே நிறுத்திக்கொள்கிறது. அடுத்த வருஷம், 2019 அக்டோபர் 31 முதல், லடாக் தனி யூனியன் பிரதேசமாகிவிட்டது.

சரி, அம்மா விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் சொல்லத் தைரியம் இல்லாமல் நேரில் போனேன். அம்மாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை. “அந்த அலை அங்கேருந்துதானே வந்துச்சு?” என்றாள். இல்லை, சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் நடந்த பூகம்பம் என்றேன். அந்தமான் நிக்கோபாரும் அடிபட்டதுதான். நாட்டின் தென்கோடியான இந்திரா முனையே அந்தப் பூகம்பத்தில் நாலு மீட்டருக்குமேல் தாழ்ந்துவிட்டது. அம்மாவிடம் எதையும் மறைக்கவில்லை. 2007இலிருந்து ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை நிலையம் இரவு பகலாக வேலை செய்வதையும் சொன்னேன்.

“பாலைவனத்துக்குப் போகாதேன்னு நான் சொன்னேன். நீ போனதுனாலதான் பிள்ளையோட தப்பிச்சே. அங்கே போய் பிள்ளை வெயில்ல கிடந்து தவிச்சான். நான் என்னத்தைக் கண்டேன்?” என்றாள். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

அப்புறம் மெதுவாக விசாரிக்க ஆரம்பித்தாள். அங்கே தமிழ் பேசுகிறவர்கள் நிறைய என்று சொன்னதும் முகம் கொஞ்சம் தெளிந்தது. இரண்டு பருவக்காற்றும் கொட்டுவதால் வருஷத்துக்கு 300 சென்டிமீட்டர் அளவுக்கு மழை என்றேன். “அப்ப வடாம் எங்கே காயும்?” என்று ஒரே கேள்வி. நியாயமான கேள்விதான்! மறுநாள் காலை எழுந்து பார்த்தால் எனக்கு முன்னால் முற்றத்தில் அரிசி வடாம் பிழிந்துகொண்டிருந்தாள்.

பெண்ணுக்குப் பரீட்சை முடிந்ததும் கிளம்புகிறோம். பையன் கல்லூரி ஹாஸ்டலில் இருந்துகொள்வான். சென்னையிலிருந்து கப்பலில் போனால் மூன்று நாள் போல ஆகும், விமானத்தில் இரண்டு மணி நேரச் சொச்சம்தான். பெண்ணுக்குக் கப்பல்மேல் ஆசை. அம்மாவுக்காக விமானம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். வழியனுப்ப அம்மா சென்னைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். வடாம் டின் இரண்டு, கிரைண்டர் ஒன்று. கிரைண்டரை மட்டும் கப்பலில் அனுப்பியாகிவிட்டது.