புகை காட்டாத பற்றாக்குறை



மதரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஒருவர் காரின் பெட்ரோல் பம்பைப் பற்றி எழுதுவதா என்று உங்களுள் சிலர் வியக்கக்கூடும். கல்லூரியில் நான் பயின்றதும் வரலாறேயன்றி விஞ்ஞானம் அன்று. எனினும் என் குடும்பத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி என்னை இதுகுறித்துச் சிந்திக்க வைத்தது. இளைஞர்கள் உள்ள எந்த வீட்டிலும் இது நேரலாம் என்பதால் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எங்கள் ஊர் சங்ககிரி. மலைமீதுள்ள கோட்டைக்கு அடுத்தபடியாக இவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தவை லாரிகளே. என் தங்கையின் கணவரும் ஒற்றை லாரியை வைத்துக் குடும்பம் நடத்தியவர்தாம். அவர் மறைந்தபோது அவருடைய மகன் எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். அன்று முதல் அவ்வீட்டின் பொறுப்பு என் தோளில் இறங்கியது.

பையன் டிப்ளமோ முடித்தான், வேலைக்கும் போனான். டர்போ பொருத்திய பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினான். ஒரு நாள் என்னிடம் வந்து, “மாமு, ஒன்றரை லட்சம் ரூபாய் வேண்டும். வண்டியில் கொஞ்சம் வேலை இருக்கிறது” என்றான். என்னிடம் இருந்தது அவனுடைய தங்கையின் நிக்காஹ்வுக்காகச் சேர்த்து வைத்த அமானிதப் பணம். தகப்பனில்லாத பிள்ளையின் முகம் வாடக்கூடாது என்ற பாசத்தில் எடுத்துக் கொடுத்தேன். என்ன வேலை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெளியூர்ப் பட்டறை ஒன்றில், இஞ்சினை ஆளும் கணினியின் அமைப்பை மாற்றி, டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் கூட்டியிருந்தார்கள். புகைக்குழாயையும் அகலமாக்கியிருந்தார்கள். பெட்ரோல் பம்பும், பெட்ரோலைத் தூவும் இன்ஜெக்டர்களும் பழையனவாகவே இருந்தன. மூன்று வாரம் வண்டி பறந்தது. பையனின் முகத்தில் அத்தனை மலர்ச்சியை நான் அதற்குமுன் கண்டதில்லை.

நான்காம் வாரம், ஒரு காலைப்பொழுது. நான் முன்னிருக்கையிலும் என் தங்கை பின்னிருக்கையிலும் அமர்ந்திருக்க, சேலம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். நெடுஞ்சாலையில் ஒரு லாரியை முந்தும் வேளையில் வண்டி ஒருமுறை உதறியது. பின்பு வேகம் முழுவதும் இறந்துபோயிற்று. பக்கத்தில் லாரி, பின்னால் பேருந்தின் ஹாரன் ஓசை. அல்லாஹ்வின் அருளால் லாரி ஓட்டுநர் நிலைமையை உணர்ந்து வழிவிட்டார். பையன் வண்டியை ஓரத்துக்கு உருட்டி நிறுத்தினான். என் தங்கை அன்று மாலைவரை என்னோடு பேசவில்லை.

கழற்றிய இஞ்சினைப் பார்வையிட, பல்லாண்டுகளாக லாரிகளின் டீசல் பம்புகளைச் சரிசெய்து வரும் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தேன். என் மச்சானின் லாரிக்கும் அவர்தாம் கைவைத்தவர். ஒரு பிஸ்டனின் தலை உருகி ஓரம் அரிக்கப்பட்டிருந்தது. அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, “பாய், இது பட்டினி கிடந்து வெந்த வண்டி” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. “பெட்ரோல் குறைந்தால் சூடும் குறையத்தானே வேண்டும் அண்ணா?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “லாரிக்கார ஊர்க்காரர் இல்லையா, அப்படித்தான் கேட்பீர்கள்” என்றார்.

அவர் விளக்கியதை என் சொற்களில் தருகிறேன். டீசல் இஞ்சினில் எரிபொருள் கூடினால் சூடு கூடும். அதிக இழுவை வேண்டிப் பம்பில் டீசல் அளவைக் கூட்டி வைத்தால், காற்று போதாமல் கரும்புகை கக்கும். தவறு நடக்கிறது என்பதை ஊரே பார்க்கும். பெட்ரோல் இஞ்சினின் இயல்பு வேறு. பெட்ரோல் முழுமையாக எரிய, 1 கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும். ஆனால் டர்போ வண்டி முழுவிசையில் ஓடும்போது, 1 கிலோவுக்குச் சுமார் 12 கிலோ காற்று என்னும் அளவில் பெட்ரோலைச் சற்றுக் கூடுதலாகவே கொடுப்பார்கள். அந்த மிகுதிப் பெட்ரோல் ஆவியாகி உள்ளே குளிர்ச்சி தருகிறது. அது குறைந்தால் வெப்பம் ஏறுகிறது. தீப்பொறியால் பரவ வேண்டிய எரிதல் முறை தவறி, கலவை தானாகவே வெடிக்கிறது. மெக்கானிக்குகள் இதனை ‘நாக்கிங்’ என்பர். சம்மட்டியால் அடிப்பதுபோல அது பிஸ்டனைத் தாக்குகிறது. கரும்புகை வராது, அடையாளமும் பெரிதாகத் தெரியாது.

கணக்கையும் அவரே போட்டுக் காட்டினார். இத்தகைய இஞ்சின் முழுவிசையில் ஒவ்வொரு குதிரைத்திறனுக்கும் மணிக்கு ஏறத்தாழ 270 கிராம் பெட்ரோல் கேட்கும். 100 குதிரைத்திறனுக்கு 27 கிலோ. அதனை 150 ஆக்கினால் 40 கிலோவுக்கு மேல். டேங்கினுள் இருக்கும் பம்போ பழைய அளவுக்கென்று செய்யப்பட்டது. எதிர்க்க வேண்டிய அழுத்தம் கூடக்கூட அது தள்ளும் அளவும் குறையும். போதாக்குறைக்கு, 2023 இல் அறிமுகமாகி 2025 இல் நாடெங்கும் பரவிய 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், அதே காற்றுக்குக் கூடுதலான அளவில் தேவைப்படுகிறது. ஆகவே இருந்த சிறிது மிச்சமும் கரைந்துவிடுகிறது.

அப்படியானால் முறை என்ன? முதலில் இஞ்சினின் கம்ப்ரஷனைச் சோதித்து, அதன் உடல்நிலையை அறிய வேண்டும். இரண்டாவது பம்பு, வடிகட்டி, குழாய்கள். மூன்றாவது இன்ஜெக்டர்கள், அவை அனைத்தும் ஒரே அளவாகத் தூவுகின்றனவா என்று கருவியில் வைத்துப் பார்க்க வேண்டும். முழுவிசையிலும் அவை தம் திறனில் 80, 85 சதவீதத்துக்கு மேல் உழைக்காதவாறு இடம் விடவேண்டும். இவற்றுக்குப் பின்னரே காற்றைக் கூட்டவேண்டும். அதையும் புகைக்குழாயில் அளவி பொருத்தி, சிறிது சிறிதாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் அளந்து பார்க்க வேண்டும். பிரேக்கும் டயரும் புதிய வேகத்துக்கு ஈடுகொடுக்குமா என்பதும் முன்கூட்டியே எண்ண வேண்டியது. “கணினியில் எழுதுவது கடைசி வேலை பாய். இவர்கள் அதை முதல் வேலையாகச் செய்துவிட்டார்கள்” என்றார் பெரியவர்.

சட்டமும் உண்டு. 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52 ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க உரிமையாளருக்கு அனுமதியில்லை. 2019 இல் வந்த திருத்தம், முறையற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுப் பணத்துக்கும் சிக்கல் வரலாம்.

இவ்விருப்பமே தவறு என்று நான் கூறவரவில்லை. நம் நெடுஞ்சாலையின் மறுமுனையிலுள்ள கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன், சாதாரண மாருதி 800 காரின் சிறிய இஞ்சினைக் கொண்டே பந்தயக் கார்களை உருவாக்கினார். அந்த ‘ஃபார்முலா மாருதி’ வண்டிகளில் ஓட்டிப் பழகியவர்களுள் ஒருவரான நாராயண் கார்த்திகேயன், 2005 இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். 1995 இல் மறைந்த கரிவரதனின் பெயரால் செட்டிபாளையத்தில் பந்தயத் திடல் இருக்கிறது. வேகத்துக்கு உரிய இடம் அது. அங்கே அளவும் உண்டு, காவலும் உண்டு.

எங்கள் வண்டிக்கு இப்போது பழைய அமைப்பே திரும்பிவிட்டது. வார விடுமுறையில் பையன் பெரியவரின் பட்டறைக்குப் போய், இன்ஜெக்டர் சோதிக்கும் வேலையைக் கற்று வருகிறான். மாதந்தோறும் சம்பளத்தில் ஒரு பகுதியை என்னிடம் தருகிறான். தங்கையின் நிக்காஹ் ஆறு மாதம் தள்ளிப்போனது. மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள், பொறுத்துக்கொண்டார்கள். ஆயினும் அவர்கள் முன் காரணம் சொல்லி நின்ற அந்நாளை நான் மறப்பதற்கில்லை. அமானிதத்தில் கைவைத்தவன் நான், பையன் அல்லன்.

ஓர் இரவு அவனிடம், “இவ்வளவு பெரிய வேலை என்று ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டேன். அவன் தலைகுனிந்தபடி, “நீங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் மாமு. அத்தா இருந்திருந்தால் கேட்டிருப்பார்கள்” என்றான்.

வாசகர்களே, அந்தப் பதில் இன்றும் என் நெஞ்சில் தைத்து நிற்கிறது. பணம் கொடுத்தேன், பாசத்தையும் கொடுத்தேன். அவனோடு உட்கார்ந்து விசாரிக்கும் அந்தச் சிறிது நேரத்தை மட்டும் கொடுக்கவில்லை. மிகுதி புகையாய் வெளிப்பட்டு நம்மை எச்சரித்துவிடும். பற்றாக்குறையோ புகை காட்டாமல் உள்ளேயே உருக்கிவிடும். உங்கள் வீட்டுப் பிள்ளை வண்டிக்கென்று பணம் கேட்டு வந்தால், கொடுப்பதற்கு முன்னும் மறுப்பதற்கு முன்னும் அவனை அருகில் அமர்த்தி, “என்ன வேலை, சொல்” என்று கேளுங்கள். விளங்காவிட்டாலும் கேளுங்கள்.